பயிற்சி கொடுத்தும் வேலை மாறவில்லை: கோளாறு எங்கே?

கேள்விக்கணை

மேலாண்மைப் படிப்புக்காக ஓர் ஆய்வறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். போக்குவரத்து ஊழியர்களின் பணித்திறனில் பயிற்சி, திறன், ஊக்கம் மூன்றுக்கும் எவ்வளவு பங்கு என்பதுதான் தலைப்பு. ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் டிரைவர்கள், லோடு ஏற்றுபவர்கள், எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்க்கும் டிஸ்பாட்ச் பிரிவினர் எல்லாருக்கும் கேள்வித்தாள் கொடுத்தேன். ஒன்றிலிருந்து ஐந்துக்குள் டிக் அடிக்கிற வழக்கமான வகை. "எனக்குக் கிடைத்த பயிற்சி பயனுள்ளது": ஐந்து. "என் வேலையை நான் சிறப்பாகச் செய்கிறேன்": அதற்கும் ஐந்து. ஏறக்குறைய எல்லாத் தாளும் இப்படித்தான். கணினியில் போட்டால் மூன்றுமே பணித்திறனை உயர்த்துகின்றன என்று அழகாக முடிவு வருகிறது.

ஆனால் அதே நிறுவனத்தின் மேலாளரைக் கேட்டால், "எல்லாருக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தாகிவிட்டது, டீசலும் குறையவில்லை, சரக்குச் சேதமும் குறையவில்லை" என்கிறார். என் கணக்கை நம்புவதா, அவரை நம்புவதா? துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

எண்கணக்கு

கணக்கில் பிழை இருக்காது. கணக்குக்குள் போன சரக்குதான் சிக்கல். பயிற்சி எப்படி இருந்தது என்று கேட்டதும் ஒரே ஆளிடம், வேலையை எப்படிச் செய்கிறாய் என்று கேட்டதும் அதே ஆளிடம், அதே தாளில். அன்று அவர் நல்ல மனநிலையில் இருந்தால் எல்லாம் ஐந்து. தாள் சூப்பர்வைசர் கைக்குப் போகுமோ என்று சந்தேகப்பட்டாலும் எல்லாம் ஐந்து. இரண்டு பதில்களும் ஒரே பக்கம் சாய்வதைக் கணினி 'தாக்கம்' என்று காட்டுகிறது, அவ்வளவுதான். பணித்திறனை மட்டுமாவது வேறு இடத்திலிருந்து எடுங்கள். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த டிரிப்புகள், நூறு கிலோமீட்டருக்கு ஆன டீசல், சேதத்துக்கு இழப்பீடு கேட்டு வந்த கோரிக்கைகள், இப்படி ஏதாவது.

அப்புறம், பாடப்புத்தகத்தில் திறமையையும் ஊக்கத்தையும் பெருக்கினால் பணித்திறன் என்று படித்திருப்பீர்கள். விக்டர் வ்ரூம் 1964-ல் எழுதியதிலிருந்து வருவது அது. ஏதாவது ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம் என்பது கேட்க நன்றாக இருக்கும். 2018-ல் இந்த வகை ஆய்வுகளைச் சேர்த்து ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. பெருக்கலால் கூடுதலாக விளங்குவது மிகக் கொஞ்சம், பெரும்பகுதியைச் சாதாரணக் கூட்டலே விளக்கிவிடுகிறது என்று அதில் தெரிந்தது. ஆகவே உங்கள் வழிகாட்டி "பெருக்கல் ஏன் போடவில்லை" என்று கேட்டால் பயப்பட வேண்டாம்.

இரவு லாரி

நான் ஸ்டியரிங் பிடிக்கிறவன், புள்ளியியல் தெரியாது. பயிற்சியில் என்ன சொல்வார்கள் என்று தெரியும். தூரத்தில் சிக்னல் சிவப்பாவது தெரிந்தால் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடு, வண்டி தானாக உருளட்டும். நிற்கும்போது இன்ஜினை அணை. சீக்கிரம் மேல் கியருக்குப் போ. டயரில் காற்றைப் பார். எல்லாம் சரிதான், செய்தால் டீசல் மிச்சமாகும் என்பதும் உண்மைதான்.

ஆனால் எங்களுக்குக் கூலி கிலோமீட்டர் கணக்கில். குடோன் வாசலில் லோடுக்காகக் காத்து நிற்கிற நேரத்துக்கு ஒரு காசு கிடையாது. நேரம் முழுக்க அங்கே போனபிறகு கிளம்பினால், போனதை எங்கே பிடிப்பது? ரோட்டில்தான். அப்போது சிக்னலைப் பார்த்து உருளவிட யாருக்குப் பொறுமை இருக்கும்? வகுப்பு "நிதானம்" என்கிறது, கூலிச்சீட்டு "ஓடு" என்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோவது கூலிச்சீட்டைத்தானே.

உங்கள் மேலாளரிடம் இதைக் கேளுங்கள்: பயிற்சி கொடுத்த பிறகு டிரிப் நேரத்தை மாற்றினீர்களா?

டிப்போ வாத்தியார்

இரவு லாரி சொல்வது பாதி சரி. மீதிப் பாதிக்குப் பயிற்சி கொடுக்கிறவன் என்ற முறையில் பதில் சொல்ல வேண்டும். எல்லாப் பழியையும் கூலியின் மேல் போட்டால் மோசமான பயிற்சி தப்பித்துக்கொள்ளும். நம் துறையில் நடக்கும் பயிற்சிகளில் நிறைய மோசமானவைதான்.

பயிற்சியை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் நான்கு படிகள் சொன்னார். வந்தவருக்குப் பிடித்திருந்ததா, ஏதாவது கற்றுக்கொண்டாரா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. பல இடங்களில் முதல் படியோடு நிறுத்திவிட்டு, வருகைப் பதிவேட்டைக் கோப்பில் சேர்த்துவிடுவார்கள். கேள்விக்கணை, உங்கள் தாளில் இருக்கும் "பயிற்சி பயனுள்ளது" என்ற வரியும் அந்த முதல் படிதான்.

சட்டமும் பெரும்பாலும் மணிக்கணக்கைத்தான் பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தொழில்முறை லாரி, பஸ் டிரைவர்கள் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை 35 மணி நேரம் பயிற்சி எடுக்க வேண்டும். 2003-ல் வந்த விதி. ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் 35 மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்ததும் திறன் கூடியதும் ஒன்றாகிவிடாது.

இதைவிட ஆபத்தான இன்னொன்று உண்டு. பயிற்சி சில சமயம் திறனை விட நம்பிக்கையை அதிகமாக வளர்த்துவிடும். நார்வேயில் வழுக்குத் தரையில் வண்டியைக் கட்டுப்படுத்தும் பயிற்சியைப் புது ஓட்டுநர்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். பின்னால் ஆராய்ந்தால், இளைஞர்களின் வழுக்கு விபத்துகள் கூடியிருந்தன. ஸ்வீடனில் 1996-ல் வந்த ஒரு சோதனையில் ஒரு குழுவுக்குக் கைத்திறனையே கற்றுக்கொடுத்தார்கள், இன்னொரு குழுவுக்குத் தங்கள் திறனுக்கு எல்லை உண்டு என்பதை உணரவைத்தார்கள். ஓட்டிக் காட்டச் சொன்னபோது இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. "நான் நன்றாக ஓட்டுவேன்" என்று மிகையாக மதிப்பிட்டவர்கள் மட்டும் முதல் குழுவில் அதிகம். அந்தக் குழுவுக்கு உங்கள் கேள்வித்தாளைக் கொடுத்திருந்தால் எல்லாம் ஐந்துதான்!

சொந்த வண்டி

முதலாளி பக்கமும் ஒருவர் பேச வேண்டுமே. சிறிய நிறுவனம் என்னுடையது. புது ஆளுக்குச் செலவு செய்து கற்றுக்கொடுத்தால், கை பழகியதும் பெரிய நிறுவனம் கூப்பிடுகிறது, போய்விடுகிறான். பயிற்சி என் காசில், பலன் அடுத்தவனுக்கு. அப்புறம் யார் பயிற்சிக்குப் பணம் போடுவது? ஊக்கம் ஊக்கம் என்கிறீர்கள், பொறுப்பில்லாத ஆளுக்கு எந்த ஊக்கமும் வேலைக்கு ஆகாது.

டிஸ்பாட்ச் மேஜை

சொந்த வண்டி, உங்கள் பிரச்சினை பெரிய நிறுவனங்களுக்கும் இருந்தது. அமெரிக்காவில் ஜே.பி. ஹன்ட் என்ற பெரிய லாரி நிறுவனம் இதே சுழலில் மாட்டிக்கொண்டிருந்தது. ஆட்களை எடு, பயிற்சி கொடு, போகவிடு, மறுபடி எடு. 1990-களின் நடுவில் டிரைவர் பள்ளிகளை நம்பிப் புது ஆட்களை எடுப்பதை நிறுத்திவிட்டு, 1997-ல் ஓட்டுநர் கூலியை ஒரேயடியாக மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உயர்த்தியது. ஆட்கள் விட்டுப்போவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. விபத்து விகிதமும் பாதி அளவுக்கு இறங்கியது.

நீங்கள் "பொறுப்பில்லாத ஆள்" என்று சொல்கிற பலர் வேறு கூலியில் பொறுப்பானவர்களாக இருப்பார்கள் என்பது என் அனுபவம். எப்போதும் அப்படித்தான் என்று சொல்லவில்லை.

எண்கணக்கு

அந்த உதாரணத்தைக் கவனமாகப் பயன்படுத்துங்கள். கூலி கூடியதும் அனுபவம் மிக்க ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். இருந்தவர்களே ஊக்கம் பெற்று நன்றாக ஓட்டினார்களா, ஆட்களே மாறினார்களா என்பது தனித்தனிக் கேள்வி. இரண்டும் நடந்திருக்கிறது. முதலாளிக்கு எதுவானாலும் லாபம்தான், ஆய்வறிக்கைக்கு அப்படி இல்லை. 'ஊக்கத்தின் தாக்கம்' என்று எழுதிவிட்டு ஆட்தேர்வின் தாக்கத்தை அளந்திருப்பீர்கள்.

டிஸ்பாட்ச் மேஜை

சரி, ஆட்களும் மாறாமல் கூலியும் மாறாமல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இதுதான். கேரி லேதமும் ஜேம்ஸ் பால்டஸும் 1975-ல் வெளியிட்டது, அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் மரக்கட்டை ஏற்றும் லாரிகளைப் பற்றியது. சட்டம் அனுமதித்த எடையில் 60 சதவீதம் அளவுக்குத்தான் டிரைவர்கள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காட்டில் எடைமேடை இல்லை, அதிகமானால் அபராதம், எதற்கு வம்பு என்று குறைத்தே ஏற்றினார்கள். "முடிந்தவரை ஏற்றுங்கள்" என்று சொல்லிப் பார்த்தும் பலனில்லை.

பிறகு ஒரு குறிப்பான இலக்கு கொடுத்தார்கள்: 94 சதவீதம். கூடுதல் பணம் இல்லை, எட்டாவிட்டால் தண்டனையும் இல்லை. எட்டினால் வாய் நிறையப் பாராட்டு மட்டும். முதல் மாதம் ஏறியது, இரண்டாம் மாதம் இறங்கியது. தண்டனை இல்லை என்று சொன்னார்களே, உண்மைதானா என்று டிரைவர்கள் நிர்வாகத்தைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சொன்ன சொல்லை நிர்வாகம் காப்பாற்றியது. அதற்கப்புறம் 90 சதவீதத்துக்கு மேல் போய் அங்கேயே நின்றது. எடையைச் சரியாகக் கணிக்க வண்டியில் சின்னச் சின்ன மாற்றங்கள் செய்யலாம் என்று டிரைவர்களே யோசனையும் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இரண்டாம் மாதம். பல மேலாளர்கள் அங்கேயே கையைத் தூக்கியிருப்பார்கள்.

ரயில்பித்தன்

சாலையைப் பற்றியே பேசுகிறீர்கள், ரயில் பக்கமும் வாருங்கள். பயிற்சியும் ஊக்கமும் ஒன்றையொன்று எவ்வளவு தூரம் கெடுக்கும் என்பதற்கு ஜப்பானின் அமகசாகி நகரில் நடந்த ரயில் விபத்தை விடப் பெரிய பாடம் இல்லை.

2005 ஏப்ரல் 25. ஜப்பானில் ஜேஆர் வெஸ்ட் நிறுவனத்தின் ரயில் ஒரு நிலையத்தில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய், பின்னால் வந்து பயணிகளை ஏற்றியது. அதனால் ஒன்றரை நிமிடம் போலத் தாமதம். மணிக்கு 70 கிலோமீட்டர் வரம்புள்ள வளைவில் 116 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்து, தடம் புரண்டு, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. டிரைவரையும் சேர்த்து 107 பேர் இறந்தார்கள்.

அங்கே தவறு செய்த டிரைவர்களுக்கு 'மறுபயிற்சி' என்று ஒன்று இருந்தது. பெயர்தான் பயிற்சி. அறிக்கை எழுது, விதிகளைப் பார்த்து எழுது, களை பிடுங்கு, சக ஊழியர்கள் முன்னால் திட்டு வாங்கு. அந்த டிரைவர் முன்பே ஒருமுறை அதை அனுபவித்தவர். வளைவை நெருங்கும்போது, நிலையத்தைத் தாண்டியதைப் பற்றிக் கண்டக்டரும் கட்டுப்பாட்டு அறையும் ரேடியோவில் பேசியதைக் கேட்பதில் அவர் கவனம் போயிருக்கலாம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. பிரேக் போடத் தெரியாமல் நடந்த விபத்து இல்லை இது. மனம் முழுக்க அடுத்து வரப்போகும் 'பயிற்சி'யிலேயே இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அதே நாட்டு ரயில்வேக்களில்தான் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. டிரைவர் சிக்னலை விரலால் சுட்டிக்காட்டி வாய்விட்டுச் சொல்வார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ரயில்வே தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1994-ல் செய்த சோதனையில், ஒரு எளிய வேலையில் நூற்றுக்கு 2.38 ஆக இருந்த பிழை, சுட்டிக்காட்டிச் சொன்னபோது 0.38 ஆகக் குறைந்தது. இதற்குச் செலவு ஏதும் இல்லை, தினசரி வேலைக்குள்ளேயே கலந்திருக்கும் பயிற்சி. ஒரே துறை, ஒரே நாடு. 'பயிற்சி' என்ற ஒரே பெயரில் இரண்டு நேர் எதிர்ப் பொருள்கள்! கேள்வித்தாளில் "கடந்த ஆண்டு பயிற்சி பெற்றீர்களா" என்று மட்டும் கேட்டால் இரண்டும் ஒரே கட்டத்துக்குள் விழும்.

இரவு லாரி

மறுபயிற்சிக்கு அனுப்புவது எங்கள் பக்கமும் உண்டு. வண்டியில் கீறல் விழுந்தால் அனுப்புவார்கள். அதனால் கீறலை யாரும் சொல்வதில்லை, சாயம் வாங்கிப் பூசிவிடுவோம். உங்கள் சேதக் கணக்கில் அது வராது.

டிப்போ வாத்தியார்

அது மிக முக்கியம், கேள்விக்கணை குறித்துக்கொள்ளுங்கள். சேதக் கோரிக்கை குறைந்தால் வேலை நன்றாக நடக்கிறது என்றும் இருக்கலாம், பயம் கூடிவிட்டது என்றும் இருக்கலாம். விமானத் துறை இதைப் புரிந்துகொண்டுதான் 1976-லேயே அமெரிக்காவில் தவறுகளைத் தாமாகச் சொல்லும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கியது. அறிக்கைகளைத் தண்டிக்கும் அதிகாரம் உள்ள அமைப்பு வாங்குவதில்லை, நாசா வாங்குகிறது. அனுப்பியவர் பெயர் நீக்கப்படும்.

விமானத்தில் இருந்தே இன்னொன்று. திறன் ஒருமுறை வந்தால் நிலைத்திருக்கும் என்று நினைக்கக் கூடாது. 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447-ல் 228 பேர் இறந்தார்கள். வேகம் காட்டும் குழாய்களில் பனி அடைத்து, விமானத்தைத் தானாக ஓட்டும் கருவி விலகிக்கொண்டது. துணை விமானி மூக்கை மேலே தூக்கிப் பிடித்ததில் விமானம் தூக்குவிசை இழந்தது. அந்த உயரத்தில் கையால் ஓட்டவும், வேகமானி பொய் சொல்லும்போது சமாளிக்கவும் விமானிகளுக்குப் பயிற்சி இல்லாததை 2012-ல் வந்த விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. விமானிகளுக்கு ஆர்வம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே குறை திறனில்தான் இருந்தது. இரவு லாரி, எல்லாவற்றுக்கும் கூலிதான் காரணம் என்றால் இதை எங்கே வைப்பீர்கள்?

இரவு லாரி

வைக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தூக்கத்தை எங்கே வைப்பீர்கள் என்று நானும் கேட்கலாம் இல்லையா? தூங்காத டிரைவருக்குத் திறனும் உண்டு, ஆசையும் உண்டு, கண்தான் திறக்காது.

எண்கணக்கு

சரியான கேள்வி. 1997-ல் வந்த ஓர் ஆய்வு, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கை-கண் ஒருங்கிணைப்பு, இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்குவதைக் காட்டியது. ஒரு முழு நாள் விழித்திருந்தால் 0.10-க்குச் சமம். இது பயிற்சியும் இல்லை, திறனும் இல்லை, ஊக்கமும் இல்லை. டூட்டி அட்டவணை.

காத்திருப்பு நேரமும் இந்த வகைதான். 1982-ல் பிளம்பெர்க், பிரிங்கிள் என்ற இருவர், பணித்திறன் பற்றிய ஆய்வுகள் திறமையையும் விருப்பத்தையும் மட்டும் பார்த்துவிட்டு வாய்ப்பை விட்டுவிடுகின்றன என்று எழுதினார்கள். வாய்ப்பு என்றால் கருவி, நேரம், மேற்பார்வை, வேலைச் சூழல் என்று ஆளின் கையில் இல்லாத எல்லாம். கேள்விக்கணையின் மேலாளர் விஷயத்தில் என் ஊகம் இங்கேதான் நிற்கிறது. ஆய்வில் இருப்பவை மூன்று காரணிகள், டிரைவரின் கையைக் கட்டுவது நான்காவது. போக்குவரத்தில் அது மற்றத் துறைகளை விடப் பெரிது, ஏனென்றால் ஓடுகிறவர் ஒருவர், நேரத்தை முடிவு செய்கிறவர் வேறொருவர்.

சொந்த வண்டி

சரி, நான்காவது, ஐந்தாவது என்று போய்க்கொண்டே இருங்கள். என்னைப் போன்றவன் எதில் காசு போடுவது என்று ஒருவர் நேராகச் சொல்லுங்களேன்.

எண்கணக்கு

நேராகவே சொல்கிறேன். ஸ்வீடனில் தொலைபேசி நிறுவனத்தின் ஓட்டுநர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது, முடிவு 1996-ல் வந்தது. ஒரு குழுவுக்கு ஓட்டுநர் பயிற்சி, ஒரு குழுவுக்குப் பாதுகாப்புப் பிரசாரம், ஒரு குழுவுக்கு விபத்தில்லா போனஸ், ஒரு குழுவை உட்காரவைத்து அவர்களுடைய பிரச்சினைகளையும் தீர்வுகளையும் அவர்களையே பேசவைத்தது, ஐந்தாவது குழுவுக்கு எதுவும் இல்லை. விபத்து அபாயம் மிக அதிகமாகக் குறைந்தது பேசவைத்த குழுவில். செலவு என்று பார்த்தால் ஓர் அறையும் சில மணி நேரமும்.

டிப்போ வாத்தியார்

நான் அதை வேறு மாதிரி படிக்கிறேன். அந்தப் பேச்சும் ஒரு பயிற்சிதான், வாத்தியார் வாயை மூடிக்கொண்ட பயிற்சி. திறனும் ஊக்கமும் பிரியாமல் வருவது அப்படித்தான். லண்டன் டாக்சி டிரைவர்களைப் பாருங்கள். உரிமம் வாங்கச் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிய வேண்டும், சில ஆண்டுகள் பிடிக்கும். பாதியில் விட்டவர்களையும் தேறியவர்களையும் ஒப்பிட்ட 2011-ஆம் ஆண்டு ஆய்வில், தேறியவர்களின் மூளையில் இடநினைவுக்கான பகுதியின் பின்புறம் பெருத்திருந்தது, மற்றவர்களுக்கு அப்படி இல்லை. தேறியவர்கள் வாரத்துக்கு ஏறக்குறைய இரு மடங்கு நேரம் பயிற்சி செய்தவர்கள். இதில் எது ஊக்கம், எது பயிற்சி, எது திறன் என்று பிரித்துச் சதவீதம் போட்டுக் காட்டுங்கள் பார்ப்போம்.

டிஸ்பாட்ச் மேஜை

தலைப்பே அடிவாங்குகிறதே, பாவம் அந்தப் பிள்ளை.

கேள்விக்கணை

அடிவாங்கினாலும் தலைப்பை மாற்ற முடியாது, வழிகாட்டி ஒப்புதல் கொடுத்துவிட்டார். ஆனால் உள்ளே மாற்றலாம். வெறும் "பயிற்சி" என்று கேட்காமல், புது ஆள் பயிற்சியா, தவறுக்குப் பிறகு அனுப்பியதா, வண்டியிலேயே கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததா என்று பிரிக்கப் போகிறேன். பணித்திறனுக்கு டீசலையும் நேரத்தையும் எடுக்கிறேன். சேதத்தை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது, சாயக் கதையைக் கேட்ட பிறகு. வாய்ப்பு என்று நான்காவது காரணியாகக் காத்திருப்பு நேரம். டீசல் கணக்கு டிரைவர் வாரியாகக் கிடைக்குமா என்று நிர்வாகத்தைக் கேட்க வேண்டும்.

இரவு லாரி

கேட்பதற்கு முன்னால் டிரைவர்களிடம் சொல்லிவிடுங்கள், பெயர் மேலே போகாது என்று. போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்த தடவை உங்களுக்கும் எல்லாம் ஐந்துதான். அப்புறம், மலைப்பாதையில் போகிறவனையும் சமதளத்தில் போகிறவனையும் ஒரே டீசல் கணக்கில் வைக்காதீர்கள். பழைய வண்டி யார் தலையில் விழுகிறது என்றும் பாருங்கள். பெரும்பாலும் புது ஆள் தலையில்தான் விழும்.

எண்கணக்கு

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். தடம், சரக்கு எடை, வண்டியின் வயது மூன்றையும் சேர்க்காமல் ஒப்பிடாதீர்கள். விபத்துகளை எடுக்க வேண்டாம், ஒரு நிறுவனத்தில் ஓர் ஆண்டில் நடப்பவை மிகக் குறைவு, அதில் அதிர்ஷ்டமே அதிகம். பயிற்சிக்கு முன், பின் என்று ஒரே டிரைவரை ஒப்பிட முடிந்தால் மிகவும் நல்லது. காத்திருப்பு நேரத்துக்குக் கேள்வித்தாள் வேண்டியதில்லை. உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் இரண்டும் கேட் பதிவேட்டில் இருக்கும்.

கேள்விக்கணை

பதிவேடு இருக்கிறது, செக்யூரிட்டி அறையில் பார்த்திருக்கிறேன், கையால் எழுதியது. அதைக் கணினியில் ஏற்றவே ஒரு வாரம் ஆகும் போலிருக்கிறது. பரவாயில்லை, திங்கட்கிழமை அனுமதிக் கடிதத்தோடு போகிறேன்.